ஐந்தாவது சொட்டு

1

என் அப்பா கோவிந்தசாமியைத் திருவண்ணாமலையில் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் கிடையாது. தெருவுக்கு அவர் பால்காரர், அம்மாவுக்கு ‘இந்தாங்க’. அந்த மனுஷனுடைய பேரை இந்த ஜெர்மன் ஊரில் எட்டு வருஷமாக ஆளாளுக்கு ஏலம் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? அதைக் காலியாக விட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று யாரோ பயமுறுத்த, அப்பா பேரை அதில் போட்டு வைத்தோம். அன்றோடு செல்வி காணாமல் போனாள். இங்கே நான் திருமதி கோவிந்தசாமி. பல் டாக்டரிடம் போனாலும், மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், அவர்கள் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

இந்த மார்ச்சில் நாங்கள் இங்கே வந்து எட்டு வருஷம் நிறைந்தது. கேசரி கிளறலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதிலாக வெளிநாட்டார் அலுவலகத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் ரவி வேலை பார்த்த கம்பெனியை ஜனவரியில் இழுத்து மூடிவிட்டார்கள். ஆகவே குடும்பம் மொத்தமும் என் வேலைக் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா காகிதங்களைப் புரட்டிவிட்டு, “திருமதி கோவிந்தசாமி, உங்கள் வேலை ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. நீட்டித்த கடிதம் வந்தால் நீங்கள் மூன்று பேரும் இருக்கலாம். வராவிட்டால் இருக்க முடியாது” என்றார். கோபம் இல்லை, குழைவும் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

எழுந்திருக்கும்போது நான் வழக்கம் போல உளறினேன். நம்மூரில் கிளம்பும்போது என்ன சொல்வோம்? அதையே அவர்கள் மொழியில் சொன்னேன்: “நான் போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.”

அந்த அம்மா பதறிப்போய், “ஏன்? எதையாவது மறந்துவிட்டீர்களா?” என்றார்.

“சும்மா, மரியாதைக்கு” என்றேன். ரவி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

2

என்ன வேலை என்று ஊரில் கேட்கிறவர்களுக்கு இதுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. என் மகள் இளவேனில் பள்ளிக்கூடத்தில் எழுதியதுதான் சரியான பதில்: ‘என் அம்மா தூங்குகிறவர்களை எழுப்பாமல் பார்த்துக்கொள்கிறார்.’

நம் உடம்பில் ஒவ்வொரு தசை நாரின் மேலும், உறைக்கு அடியில், சில செல்கள் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன. பெரும்பாலான நேரம் அவற்றுக்கு வேலை இல்லை. சாப்பிடுவதும் கொஞ்சம், செலவழிப்பதும் கொஞ்சம், மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒரே தூக்கம். நீங்கள் படியில் தடுக்கி விழுந்து ஆடுதசை கிழிந்தால் அப்போது எழுந்துகொள்ளும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கிழிந்த இடத்தை அடைத்துப் புதுத் தசை ஆகும். கெட்டிக்காரத்தனம் என்னவென்றால் எல்லாமே தசையாகிவிடாது. சில மட்டும் ‘நாங்க வரலை’ என்று திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த தடவை விழும்போது எழுந்து வர ஆள் வேண்டாமா? காரணமில்லாமல் எழுந்து எழுந்து ஆட்டம் போட்டால் இருப்பு தீர்ந்துவிடும், பிறகு காயம் ஆறாது. உடம்பில் தூங்குவதும் ஒரு வேலைதான். இதைப் படித்துவிட்டு என் தம்பி யாரிடமும் காட்டி நியாயம் பேச வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், தசையை விட்டு வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் போட்டதும் இந்தச் செல்களுக்கு முழிப்பு வந்துவிடும். ‘ஐயோ, காயம்’ என்று நினைத்துக்கொள்ளும். தட்டிலும் தூங்க வைக்க முடியுமா என்பதுதான் எங்கள் லேபின் ஆராய்ச்சி. எலியின் தசை நாரைத் தட்டில் வைத்து, அதில் ஒரு தூக்கத் தண்ணீர் ஊற்றி, உயிர் தங்குவதற்கு மட்டும் நாலு சொட்டு சீரம் விட வேண்டும். சீரம் கம்மியானால் செல் செத்துப் போகும், ஜாஸ்தியானால் முழித்துக்கொள்ளும். அந்த சீரம் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுப்பது. மாட்டை வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது, அதனால் அம்மாவிடம் இன்று வரை ‘ஒரு மருந்து’ என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

சொட்டு விடுவது என் வேலை. வேலூரில் லேப் டெக்னீஷியன் படித்தபோதே என் கையைப் பார்த்து நிதானமான கை என்று சொல்லியிருக்கிறார்கள்.

3

எங்கள் ஊர் தனி ஜில்லாவான வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயசு. வேங்கிக்கால் பக்கம் ஆபீசுகள் வந்தன, ஆபீசர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பால் தேவைப்பட்டது. அப்பா கறப்பார், அம்மா ஊற்றுவாள், நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அம்மாவோடு கேன் தூக்குவேன்.

எங்கள் வியாபாரத்தில் அளவு என்பது பாதிக் கதைதான். அரை லிட்டர் அளந்து ஊற்றிய பிறகு, அளவையைக் கேனில் ஒரு முக்கு முக்கி இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். அது கொசுறு. கொசுறு ஊற்றாவிட்டால் வாங்குகிறவர்கள் பாத்திரத்தை நீட்டியபடியே நிற்பார்கள். அதிலும் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். சம்பளக்கார வீட்டுக்குப் பேருக்கு ஒரு சொட்டு. கைக்குழந்தை இருந்தால் கொஞ்சம் தாராளம். வயசானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் கை தானாகச் சாயும். பௌர்ணமிக்கு மட்டும் யாருக்கும் கிடையாது, மலை சுற்ற வந்த கூட்டத்துக்கு டீக்கடைக்காரர்கள் கேனோடு பாலைப் பறித்துக்கொண்டு போவார்கள்.

செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். தியானத்துக்கு வந்தவர். நரைத்த தலை, தனி ஆள். அம்மா சட்டப்படி கை சாய்த்துவிட்டாள். அந்த அம்மாள் பாத்திரத்தை உற்றுப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஸ்பூன் எடுத்து வந்தார். கொசுறை ஸ்பூனால் மொண்டு மொண்டு எங்கள் கேனிலேயே திருப்பி ஊற்றினார். “அரை லிட்டர்” என்று சைகையால் சொல்லிக் கும்பிட்டார்.

அம்மா ரோட்டுக்கு வந்து கேனைக் கீழே வைத்துவிட்டாள். “இன்னாடி இது? எம்பால எனக்கே திருப்பிக் குடுத்துட்டா? நான் இன்னா பிச்சையா போட்டேன்?” அன்று முழுக்க அதே பேச்சு. மறுநாளும் கை சாய்த்தாள். அந்த அம்மாளும் மறுநாளும் ஸ்பூன் எடுத்து வந்தார். மூன்று மாசம் இந்தச் சண்டை நடந்தது. ரெண்டு பேரும் சிரித்த முகமாகவே சண்டை போட்டார்கள்.

4

எங்கள் புரொபசர் ஹெல்காவுக்கு அறுபத்து நாலு வயசு. ஒல்லி, உயரம், நாக்கில் கத்தி. ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். போன வருஷக் கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார்.

இளம் எலிகளின் செல்கள் எங்கள் தண்ணீரில் மூன்று நாள் சமர்த்தாகத் தூங்கின. கிழட்டு எலிகளின் செல்கள் தூங்கவில்லை. இரண்டாம் நாளே முழித்துக்கொண்டு ஒன்று இரண்டாகப் பிரிய ஆரம்பித்தன. திரும்பச் செய்தோம், அதே கதை. ஐந்து தடவை செய்தோம், ஐந்து தடவையும் அதே கதை. ஹெல்காவுக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“புரிகிறதா கோவிந்தசாமி? கிழத்தின் காயம் ஏன் ஆறுவதில்லை? செல் இல்லாததால் அல்ல. அது நிம்மதியாகத் தூங்குவதில்லை. வீணாக முழித்து முழித்துத் தீர்ந்து போகிறது!” என்று வராண்டாவில் நின்று கத்தினார். “என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், நான் ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறேன்!”

கதவு அகலத்துக்கு ஒரு போஸ்டர் தயாரானது. மே மாதம் பெரிய மாநாடு, அதில் ஹெல்காவின் சொற்பொழிவு. போஸ்டரில் மூன்றாவது பேராக என் அப்பா பேர். அதைப் போட்டோ பிடித்து ஊருக்கு அனுப்பினேன். மாநாடு முடிந்ததும் என் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கடிதம் தருவதாக ஹெல்கா சொல்லியிருந்தார். கேசரி ரவையை எடுத்து வெளியே வைத்தேன்.

5

ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என்னோடு வேலை பார்க்கும் மத்தியாஸ் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் எழுந்தால் அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று காத்திருந்தான். நான் கிழட்டு எலித் தட்டுகளுக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். அவன் பொழுது போகாமல் எண்ணினான்.

“ஒன்று, இரண்டு, மூன்று, நாலு” என்றவன் நிறுத்தினான். “இது என்ன?”

“எது?”

“இப்போது விட்டாயே, ஐந்தாவது.”

“ஐந்தாவதா? நான் எங்கே விட்டேன்?”

“சரி, அடுத்த தட்டில் விடு, பார்க்கிறேன்.”

விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என் கண் முன்னாலேயே, என்னைக் கேட்காமல், என் கை திரும்பவும் குப்பிக்குப் போய், நுனியை ஒரு முக்கு முக்கி, தட்டின் மேல் சாய்ந்து ஒரு சொட்டு விட்டது. அடிப்பாவி!

“எல்லாத் தட்டுக்கும் இப்படித்தானா?” என்றான். அவன் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

இளம் எலித் தட்டு ஒன்றை எடுத்து வைத்து விட்டுப் பார்த்தேன். நாலோடு கை நின்றது. கிழட்டுத் தட்டு, ஐந்து. இளசு, நாலு. கிழம், ஐந்து. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. கிழங்கட்டை, பாவம், கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்று என் கை ஐந்து தடவையும் கொசுறு ஊற்றியிருக்கிறது. கிழட்டுச் செல்கள் முழித்துக்கொண்டதற்கு வயசு காரணமில்லை. பால்காரர் மகள் காரணம். கதவு அகலப் போஸ்டர் மொத்தமும் என் கொசுறின் மேல் நின்றுகொண்டிருந்தது.

மத்தியாஸ் தட்டுக்கு மூடி போட்டான். போஸ்டரில் இரண்டாவது பேர் அவனுடையது. “நான் எதையும் எண்ணவில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் இளவேனிலுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் மூன்றாவது விழுந்ததும், “அம்மா, நான் ரெண்டுதான் கேட்டேன்” என்றாள். அவள் தமிழில் ‘ர’ எல்லாம் தொண்டையிலிருந்து வரும். “எப்பவும் ஏன் ஒண்ணு ஜாஸ்தி வெக்கிற? எண்ணத் தெரியாதா?”

“தெரியலடி கண்ணு” என்றேன். அவள் மூன்றாவது தோசையை எடுத்துத் திரும்ப என் கரண்டி மேல் வைத்தாள்.

6

ரவியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், ஏதோ பக்கத்து வீட்டு ஜெர்மன்காரருக்குத் தமிழ் புரிவது போல.

“செல்வி, நீ ஒண்ணும் உளறி வெக்காத. ஜூன் வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு. லெட்டர் வந்துடட்டும், அப்பறம் என்னா வேணா சொல்லு.”

“அதுக்குள்ள அந்தம்மா மேடையில ஏறிப் பேசிடுவாங்கங்க. ஊரே கை தட்டும்.”

“தட்டட்டுமே. நீ சொன்னா, ஊருக்குத் திரும்பி இவள எந்த ஸ்கூல்ல சேக்கறது? தமிழ்ல அவ பேர் எழுதவே அர மணி நேரம் ஆவுது.”

எனக்கும் அதே கேள்விதான். எனக்கென்ன, திரும்பிப் போனால் அப்பாவின் மாடு இருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளை, கணக்கு முதற்கொண்டு கனவு வரை வேற்று மொழியில் செய்கிறவள், அவளைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கே நடுவது? நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்குப் போன் போட்டேன். வேலையில் ஒரு தப்பு நடந்துவிட்டது, வேலை போனாலும் போகும் என்றேன்.

“தண்ணி கலந்தியா?” என்றாள் எடுத்த எடுப்பில்.

“இல்லம்மா. ஜாஸ்தி ஊத்திட்டேன்.”

“ஜாஸ்தி ஊத்துனதுக்கா வேலய வுட்டுத் தூக்குவாங்க? எந்த ஊருடி அது?”

“கெழ எலிக்கு மட்டும் ஒரு சொட்டு ஜாஸ்தி ஊத்திட்டேம்மா. இளசுக்கு ஊத்தல.”

“அப்ப இளசுக்கும் ஒரு சொட்டு ஊத்திடு, சரியாப் போச்சு. இதுக்குப் போயி அழுவுற. ஆமா, எலிக்கு எதுக்குடி மருந்து? ஊட்ல அவ்ளோ எலியா?”

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் அப்படியே இருந்தது.

7

திங்கட்கிழமை ஹெல்கா கண்ணாடி முன்னால் நின்று சொற்பொழிவு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கோட்டு, நீலம். முடியைக்கூடக் கத்தரித்துக்கொண்டு வந்திருந்தார். இந்த அம்மாவை ஊர் முன்னால் நிறுத்தி, என் சொட்டுக்காகக் கை தட்ட வைப்பதா? கதவைச் சாத்திவிட்டு, தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஐந்தாவது சொட்டு, பால், அம்மாவின் சட்டம், செங்கம் ரோட்டு அம்மாளின் ஸ்பூன் வரைக்கும் வந்துவிட்டது.

ஹெல்கா உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“கிழத்துக்கு மட்டும் ஏன்?” என்றார்.

“பாவம் என்று.”

“பத்து மணிக்கு என் காபியை நீங்கள்தான் கலக்குகிறீர்கள்.”

“ஆமாம்.”

“இரண்டு வருடமாக அது வெளுத்துக்கொண்டே போகிறது.”

நான் தலை குனிந்தேன்.

“மத்தியாஸ் காபி?”

“அவன் காபி கறுப்பாகத்தான் இருக்கும்.”

ஹெல்கா எழுந்து போய்ப் போஸ்டரை ஒரு ஓரத்திலிருந்து சர்ரென்று கிழித்தார். சொற்பொழிவை ரத்து செய்து எனக்கு எதிரிலேயே போன் செய்தார். “என் கடிதம்?” என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவரே சொன்னார்: “கடிதத்தைப் பற்றி இப்போது யோசிக்கும் மனநிலையில் நான் இல்லை. வேலையைத் திரும்பத் தொடங்குங்கள். இளம் தட்டுகளில் பாதிக்கு ஐந்து சொட்டு. கிழட்டுத் தட்டுகளுக்கு நாலு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேனோடு செங்கம் ரோட்டில் நடந்த என் அம்மா போனில் சொன்ன அதே வைத்தியம்! அழுகிற நேரத்தில் சிரித்ததைப் பார்த்து ஹெல்கா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

8

மத்தியாஸ் தட்டுகளுக்கு வெறும் எண் ஒட்டினான். எது கிழம், எது இளசு என்ற ரகசியம் அவன் பையில் இருந்தது. எந்த எண்ணுக்கு எத்தனை சொட்டு என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதித் தருவான், நான் விடுவேன். மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முழித்த செல்களை எண்ணுவேன். இப்படி ஆறு வாரம். ஜூன் பாதி போயிருந்தது. ரவி இரண்டு சூட்கேஸ்களைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார்.

கடைசித் தட்டை எண்ணி முடித்ததும் மத்தியாஸ் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். ஐந்து சொட்டு குடித்த இளசுகள் முழித்துக்கொண்டு ஆட்டம் போட்டிருந்தன. நாலு சொட்டுக் கிழங்கள் இளசுகளைப் போலவே சமர்த்தாகத் தூங்கியிருந்தன. வித்தியாசமே இல்லை. ஹெல்காவின் பெரிய விஷயம் அதோடு போயிற்று.

ஹெல்கா அந்தக் காகிதத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி மூன்று தடவை படித்தார். “ஆக, கிழங்களிடம் குறை ஒன்றும் இல்லை” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. துக்கமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை.

மறுநாள் கடிதம் என் மேஜை மேல் இருந்தது. இரண்டு வருஷம் நீட்டிப்பு. கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘தன் தவறைத் தானே வந்து சொன்னவர், மாற்று ஆள் கிடைக்காது.’ வெளிநாட்டார் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன தவறு என்று கேட்கவில்லை. முத்திரை குத்தினார். வெளியே வந்து நடைபாதையில் நின்று நான் அழுதேன். இளவேனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் பாக்கறாங்கம்மா” என்றாள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. எண் ஒட்டினால் என்ன, கிழட்டு எலியின் தசை நார் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடுகிறது. கொஞ்சம் மெலிந்திருக்கும், ஓரத்தில் கொழுப்பு மினுக்கும். இதையும் ஹெல்காவிடம் போய்ச் சொன்னேன்.

“அப்படியானால் கையை என்ன செய்கிறீர்கள்?” என்றார்.

“பிடித்துக்கொள்கிறேன்.”

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். நாலு சொட்டு விட்டதும் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது திமிறியது. விடாமல் பிடித்தபடி, “மன்னிச்சுக்கோ தாத்தா, இன்னைக்கி இவ்ளோதான்” என்று தட்டைப் பார்த்துத் தமிழில் சொல்லி, மூடி போட்டேன்.